டவுன் பஸ்ஸில் யார் யார் ஏறலாம்?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நூலகர் அவர்களுக்கும், வாசகர் வட்டத் தோழர்களுக்கும், பரீட்சை நேரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் என் அன்பு.

எனக்குத் தலைப்பு எதுவும் தரவில்லை. அன்றாட வாழ்க்கையைப் பற்றி மனதில் தோன்றுவதைப் பேசுங்கள், நாட்டு நடப்பும் கொஞ்சம் வரட்டும் என்றார்கள். அன்றாடம் என்றதும் எனக்கு டவுன் பஸ்தான் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடம் போனது அதில். வேலைக்குப் போனது அதில். ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் போவதும் அதில்தான். அதனால் பஸ்ஸைப் பற்றியே பேசுகிறேன். பேச்சு நேர் ரோட்டில் போகாது. டவுன் பஸ் மாதிரி வழியில் இருக்கிற நாலு ஊருக்குள் நுழைந்து, திரும்பி, அப்புறம்தான் வந்து சேரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுன் பஸ்ஸில் ஒரு பழக்கம் இருக்கிறது. நிற்கிறவர் தன் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வைப்பார். பல நேரம் கேட்கவே வேண்டாம், உட்கார்ந்திருப்பவரே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். புத்தகப் பை, தூக்குவாளி, கீரைக்கட்டு, கூட்டம் அதிகமென்றால் கைக்குழந்தையும்தான். பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் மடியில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இன்னொரு கையால் பர்ஸைத் துழாவுகிற தாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாங்கிய அம்மாள் சும்மா இருக்க மாட்டார். பெயர் என்ன, பல் முளைத்துவிட்டதா, ஏன் இப்படி மெலிந்திருக்கிறது, ராத்திரி தூங்குகிறதா என்று எல்லாம் கேட்பார். இறங்குகிற இடம் வந்ததும் குழந்தை கைமாறும். அத்தோடு சரி. இரண்டு பேரும் இனி ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

இதை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் நம் வீட்டு நடப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரை வாசலோடு நிறுத்துவது, யாரை ஹாலில் உட்கார வைப்பது, யாருக்கு எந்தத் தம்ளரில் காபி கொடுப்பது என்று கணக்குப் பார்க்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. அந்த வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர்தான் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவே உட்கார்ந்து, இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று கேட்காமல், தோளோடு தோள் உரச அரைமணி நேரம் வருகிறார். தூக்கத்தில் பக்கத்துத் தோளில் தலை சாய்கிறது. அந்தத் தோள்காரரும் எழுப்புவதில்லை, அசையாமல் உட்கார்ந்து வருகிறார். வீட்டில் முடியாதது இங்கே முடிகிறது. டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் இடம் உண்டு என்று ஒரு விதி இருப்பதால் முடிகிறது. அந்த விதி தானாக வந்ததில்லை.

இந்தக் கதையைப் பிள்ளைகள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். 1920களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். பட்டிவீரன்பட்டிக்காரர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அன்றைக்கு பஸ் எல்லாம் தனியார் முதலாளிகளுடையது. தாழ்த்தப்பட்ட மக்களை அதில் ஏற்ற மாட்டார்கள். கையில் காசு இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். உடம்பு முடியாத ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் பஸ் போய்விடும், இவர்கள் வெயிலில் நடக்க வேண்டும். சௌந்தரபாண்டியனார் பதவிக்கு வந்ததும் ஓர் உத்தரவு போட்டார். சாதியைச் சொல்லி யாரையாவது ஏற்ற மறுத்தால் அந்த பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது. அவ்வளவுதான் உத்தரவு. முதலாளிகளுக்கு மனம் மாறியதா என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. பஸ்ஸின் கதவு முதலில் திறக்கட்டும், மனம் பிறகு மாறட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

சென்னைக்குப் போனவர்கள் தியாகராய நகரில் பாண்டி பஜாரைப் பார்த்திருப்பீர்கள். துணி வாங்கியிருப்பீர்கள், பொட்டும் வளையலும் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பாண்டி இவர்தான். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் மக்கள் வாயில் சுருங்கி பாண்டி பஜார் ஆனது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதில் எத்தனை பேருக்கு அவர் செய்த காரியம் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1955 டிசம்பரில் அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்து பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். அதைத் தொடர்ந்து அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனார்கள். அதை உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான், நாமும் படிக்க வேண்டும். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால் நம் மண்ணில் பஸ் படிக்கட்டில் நடந்த இந்த நியாயத்தையும் அதே மரியாதையோடு நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆயின. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் வந்தன. பின்னால் கட்டபொம்மன், பெரியார், அண்ணா என்று பெயர்கள் கூடிக்கொண்டே போயின. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், எந்த ஊர் பஸ் என்பதைப் பெயரை வைத்தே சொல்லிவிடுவோம். 'பாண்டியன் வந்துட்டான், சேரன் இன்னும் வரலை' என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வது காதில் விழும். வெளியூரில் நம்ம ஊர் பஸ்ஸைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெயர்கள் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று வேறு சாதிக்காரர்களில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம். பஸ்கள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது தெரியுமா? அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அநியாயமாகிவிடும் என்று எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும், தலைவர்கள் பெயரில் இருந்த மாவட்டங்களின் பெயரையும் சேர்த்தே எடுத்துவிட்டது. சேரனும் பாண்டியனும் அப்படிப் போனவைதான். இப்போது பஸ்களில் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர்தான் இருக்கிறது.

இதில் என்னை விடாமல் உறுத்துகிற ஒன்று உண்டு. விருதுநகர் மாவட்டம் 1985-ல் பழைய இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதாவது சௌந்தரபாண்டியனார் எல்லாரையும் ஏற்று என்று உத்தரவு போட்ட அதே ஜில்லா மண்ணில்தான், ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து, பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஒரு பெயருக்காக வெட்டிக்கொண்டார்கள். ஆட்களை ஏற்ற முடிந்தது, பெயரை ஏற்ற முடியவில்லை. அன்றைய நிலவரத்தில் அரசுக்கு வேறு வழி இருந்ததா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ரத்தம் நிற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும், மறுத்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்பதும் உண்மைதான். எல்லாப் பெயரும் போனதால் சமமாகிவிட்டது என்று என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை.

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சை எழுதுவதற்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பட்டியல் சாதிப் பையன். வழியில் பஸ்ஸை மறித்து, அவனைக் கீழே இழுத்துப் போட்டு அரிவாளால் வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. பரீட்சை எழுதப் போன கை. பஸ்ஸில் மற்றவர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்துவிட்டால் பாதுகாப்பு என்றுதானே இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தோம்?

அதற்கு முன்னால், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படிக்கிற பிள்ளைகள். அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பெயரில் சாதி இருக்கக்கூடாது என்று பல பரிந்துரைகள். தெற்கே போனால் பிள்ளைகள் மணிக்கட்டைப் பாருங்கள். கயிற்றின் நிறம்தான் அடையாளம். எந்த நிறம் எந்த ஆள் என்று பஸ்ஸில் ஏறுகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. அதை அந்தப் பிள்ளை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பெரியவர்கள் கட்டிவிட்டதுதான். இந்த ஹாலில் பெற்றோர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை கையில் கயிறு இருந்தால் இன்றைக்கு ராத்திரியே அவிழ்த்துவிடுங்கள். சாமிக்குக் கட்டினது என்றால் அந்தச் சாமி கோபித்துக்கொள்ளாது.

சரி, அடுத்த ஊருக்குப் போவோம். பெண்கள்.

2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற அன்றே போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மறுநாள், மே 8-லிருந்து நடைமுறைக்கு வந்தது. விடியல் பயணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்த பஸ். பிறகு 2023 ஜூனில் கர்நாடகத்தில் வந்தது, டிசம்பரில் தெலங்கானாவில் வந்தது, 2025 ஆகஸ்டில் ஆந்திரத்திலும் வந்துவிட்டது. நான் எந்தக் கட்சிக்கும் மேடை போடுகிறவள் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் நடக்கிற தூரத்தில்தான் வேலை தேடுவார்கள். பஸ்ஸுக்குப் போக வர இருபது ரூபாய் கொடுத்தால் மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது என்ன? அதனால் பக்கத்துத் தெருவில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அங்கேயே கிடப்பார்கள். இது அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். இப்போது அப்படி இல்லை. 'டவுனில் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறார்களாம், பஸ்தான் சும்மா போகுதே' என்று ஒரு பெண் சொன்னாள். அதைச் சொல்லித்தான் பழைய வீட்டிலும் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு வாங்கினாள். பஸ் டிக்கெட்டில் மிச்சமானது கொஞ்சம், அதனால் அவள் கேட்டு வாங்கியது அதைவிடக் கூடுதல். கீரை விற்கிற அம்மாள் பக்கத்துச் சந்தையை விட்டுவிட்டுப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுக்கிறார். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டியவர்கள் நடுவில் நிறுத்தாமல் போய் வாங்குகிறார்கள்.

மாநிலத் திட்டக் குழு ஓர் ஆய்வு செய்து, இதனால் பயன்பெறும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. டவுன் பஸ் பயணிகளில் 40 சதவீதமாக இருந்த பெண்கள் 61 சதவீதமாகிவிட்டார்கள் என்று பட்ஜெட்டில் சொன்னார்கள். அந்த இரண்டாவது கணக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் பெண்கள் எல்லாம் அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள்? வீட்டில் இருந்தார்கள், அல்லது நடந்தார்கள். அல்லது யாராவது டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் காத்திருந்தார்கள். போக வேண்டும் என்று தோன்றினால் போவது என்பது நம் வீட்டு ஆண்களுக்கு எப்போதும் இருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பெண் நினைத்தால், அதற்குப் புருஷனிடம் காசு கேட்க வேண்டும், எதற்கு என்று அவன் கேட்பான், போன வாரம்தானே போனாய் என்பான். இப்போது சமையலை முடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஏறி, பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறாள். இந்தச் சின்னச் சின்னப் பயணங்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அவை எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதை இளக்காரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் ஓசி என்று சொல்லப்போய் பெரிய பிரச்சினை ஆனது. அது எல்லாருக்கும் தெரிய வந்தது. தெரியாமல் போவது தினமும் நடப்பது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவது, வயதானவர் ஓடி வந்தால் 'சும்மா வர்றதுக்கு இவ்வளவு அவசரமா' என்பது. எல்லா டிரைவர் கண்டக்டரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பாட்டி ஏறுகிற வரை பொறுத்திருந்து, உட்கார்ந்தாச்சா என்று கேட்டுவிட்டு விசில் கொடுக்கிற கண்டக்டர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒருவர் சொல்கிற சொல் போதும், ஒரு பெண் ஒரு வாரத்துக்கு அந்த பஸ்ஸில் ஏறக் கூசுவாள். அவளும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறாள், பல்பொடி வாங்கும்போது கட்டுகிறாள், அரிசி மூட்டை ஏற்றி வந்த லாரியின் டீசலிலும் அவள் பங்கு இருக்கிறது. அந்த பஸ் அவள் காசிலும்தான் ஓடுகிறது.

இன்னொரு பக்கம், பஸ்ஸை விட்டுப் போனவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஆண்கள் பாதிப்பேர் டூ வீலருக்குப் போய்விட்டார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் கார். இதில் தப்பில்லை, அவரவர் வசதி. என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. நான் படித்த காலத்தில் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் செருப்புத் தைக்கிறவர் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனோம். யாரோ ஒருவர் டிபன் பாக்ஸிலிருந்து புளிச்சாதம் வாசனை வரும், ஏழு பேர் கை வைப்போம். இப்போது காலையில் எட்டு மணிக்கு ரோட்டில் நின்று பாருங்கள். மஞ்சள் வேன் ஒன்று போகும், அதில் ஒரு வகைப் பிள்ளைகள். பின்னால் டவுன் பஸ் வரும், அதில் இலவச பாஸ் வைத்திருக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள், படிக்கட்டு வரைக்கும். இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் போகின்றன. ஆனால் இந்த வண்டிப் பிள்ளைக்கு அந்த வண்டிப் பிள்ளையின் பெயர் தெரியாது. பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் தெரியாது. மடியில் பை வாங்கி வைக்கிற பழக்கம் வேனில் வளராது, ஏனென்றால் அங்கே நிற்கிறவர் யாரும் இல்லை.

இப்படி, சொல்லுக்கு மதிப்பு உள்ளவர்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டால் பஸ்ஸைப் பற்றிக் கேட்பதற்கு ஆள் இருக்காது. தாசில்தார் வீட்டுப் பிள்ளையும் வார்டு கவுன்சிலர் வீட்டம்மாவும் ஏறுகிற பஸ்ஸாக இருந்தால் மேற்கூரை ஒழுகுமா? 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த மாநகர பஸ்ஸில் தரைப் பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டை வழியே ரோட்டில் விழுந்தார். நல்லவேளை, காயத்தோடு உயிர் தப்பினார். அதற்கு முந்தின மாதம்தான் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது ஓய்வு பெற்றவர்களுக்கு வர வேண்டிய அகவிலைப்படி. முப்பது வருடம் இரவு பகலாக ஓட்டிவிட்டு, முதுகெலும்பு தேய்ந்துபோய் வீட்டில் இருக்கிறவர்கள், சேர வேண்டிய பணத்துக்காகக் காத்திருந்தார்கள். பொங்கல் நேரத்தில் ஸ்ட்ரைக்கா என்று நாம் திட்டினோம். பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொன்ன அரசு அதற்கான பணத்தைக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அதைப் போலவே புதிய வண்டிக்கும், உதிரிப் பாகத்துக்கும், ஆட்களை எடுப்பதற்கும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஓட்டை பஸ்ஸில் சும்மா ஏறலாம் என்பது எந்தப் பெண்ணுக்கும் மரியாதை ஆகாது.

செல்போன் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பலரும் என்னிடம் குறைப்படுகிறார்கள். ஆளுக்கொரு ரீல்ஸைச் சத்தமாக வைக்கிறார்கள், காது வலிக்கிறது என்கிறார்கள். உண்மைதான். பக்கத்தில் இருப்பவரிடம் 'தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கப்பா' என்று சொல்லுங்கள், பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். நாம் சொல்வதில்லை, முறைத்துப் பார்க்கிறோம். இன்னொரு பக்கம், செல்போனால் நன்மையும் வந்திருக்கிறது. சில்லறை இல்லை என்று கண்டக்டரும் பயணியும் கத்திக்கொள்வது, மீதி ஏழு ரூபாய் என்று டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கும்போது மறந்துபோவது, இதெல்லாம் குறைந்திருக்கிறது. கையில் மெஷின் வந்துவிட்டது, பல இடத்தில் போனிலேயே காசு கொடுக்கலாம்.

இனி இந்த நூலகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பேச வேண்டும் என்று நினைத்து வந்தது இதைத்தான்.

நம் நாட்டில் நூலக இயக்கத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவர் அந்த விதியை விளக்கும்போது நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதற்கெல்லாம் போகிறார். வர முடியாத இடத்தில், வர முடியாத நேரத்தில் திறந்திருக்கிற நூலகம் மூடியிருப்பதற்குச் சமம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோனார். அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வாசகர் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்று சக்கரம் கட்டி அனுப்பினார்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்றைக்கும் நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேருகிறது. ஆக, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி உங்கள் காசுதான்.

இப்போது இந்த ஹாலைத் திரும்பிப் பாருங்கள். பின்னால் ஆண்கள் நிறைய இருக்கிறார்கள். பெண்கள் இவ்வளவு பேர்தான். வந்திருப்பவர்களும் இந்த ஊருக்குள் இருப்பவர்கள், அல்லது வண்டி வைத்திருக்கிற யாராவது கூட்டிவந்தவர்கள். சுற்று கிராமத்துப் பெண்களுக்குப் படிக்கப் பிடிக்காதா? பகலில் இங்கே வந்து வாரப் பத்திரிகையும் நாவலும் எடுத்துப் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம் என்று நூலகர் என்னிடம் சொன்னார். அவர்கள் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று நான் இரண்டு மூன்று பேரைக் கேட்டேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். கூட்டம் முடிய எட்டு மணி ஆகிறது, திரும்பிப் போக பஸ் இல்லை.

முன்னால் இரவு எட்டரைக்கு ஒரு நடை இருந்தது. கொரோனா ஊரடங்கில் நின்றது, பிறகு எல்லாம் திறந்தும் அது வரவில்லை. கூட்டம் இல்லை, வண்டி இல்லை, டிரைவர் இல்லை என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த நடை இல்லாததால் போனது கூட்டம் மட்டும் இல்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஏழு மணிக்கே கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குச் சம்பளத்தில் பிடித்தம். டியூஷன் படிக்கிற பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள், ஆண்பிள்ளைகள் மட்டும் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருக்கிற பெண் ராத்திரி வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு பொங்க வேண்டுமென்றால் ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். பகலெல்லாம் கட்டணமில்லாமல் மிச்சம் பிடித்தது அந்த ஒரு ராத்திரியில் போய்விடுகிறது. பகலில் எல்லாரும் ஏறலாம் என்று ஆக்கிவிட்டோம், பொழுது சாய்ந்தால் பெண்கள் ஏறுவதற்கு பஸ்ஸே இல்லை.

அதனால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். டெப்போவின் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் சேர்த்து. எட்டரை நடையை மறுபடி விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் விட வேண்டும், கடைசி ஸ்டாப் வரைக்கும் போக வேண்டும், பாதியில் கோயில் வாசலோடு திருப்பக் கூடாது. கடைசி ஸ்டாப் காலனி ஸ்டாப். முன்பு ஓடியபோதே மழை பெய்தால் அங்கே போகாமல் திருப்பிவிடுவார்கள் என்று அந்த ஜனங்கள் சொல்கிறார்கள். நான் முதலில் எழுதியதில் இந்த வரி இல்லை. காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கேட்டதால் சேர்த்தேன். அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டார். வரி இருக்கும். அவர் மனம் மாறிப் போடுவார் என்று நம்புகிறேன், போடாவிட்டாலும் விண்ணப்பம் போகும்.

தாள் நூலகர் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பெயர், ஊர், எதற்காக அந்த நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று ஒரு வரி. எழுத வராதவர்கள் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், நீங்கள் ரேகை வைத்தால் போதும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், கலெக்டர் ஆபீசுக்கு நாங்கள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் கிளம்புகிறோம். கூட வர முடிந்தவர்கள் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். வண்டி வைத்திருக்கிற ஆண்களும் அன்றைக்கு ஒரு நாள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு டிக்கெட் எடுத்து எங்களோடு வாருங்கள். நன்றி, வணக்கம்.